பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? புதிது வாங்கும் முன் இதைப் பாருங்கள்

ராத்திரி நன்றாக ஓடி வந்து நின்ற கார், காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒரே சத்தத்தோடு அடங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் ஒயர் போட்டு எடுக்கிறீர்கள். இரண்டு நாள் ஒழுங்காக இருக்கிறது. மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. பேட்டரி கடையில் பதில் தயாராக இருக்கும்: “செல் போயிடுச்சு சார், புதுசு மாத்திடலாம்.” மாற்றுகிறீர்கள். ஒரே மாதத்தில் புதுசும் இறங்குகிறது.

அந்த வீண் செலவைத் தவிர்க்கத்தான் இந்த அத்தியாயம். ஒரு தடவை பேட்டரி இறங்கினால் விளக்கை அணைக்க மறந்திருப்பீர்கள், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப இறங்கினால் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று: டெர்மினலிலோ எர்த்திலோ பிடிமானம் சரியில்லை, பேட்டரியே சார்ஜைப் பிடித்து வைக்கவில்லை, டைனமோ என்கிற ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, அல்லது வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்ட் குடித்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் இரண்டாவதை மட்டும்தான் பார்ப்பார். அவர் விற்பது அதைத்தான். நாம் நான்கையும் வரிசையாகப் பார்ப்போம். காசு செலவில்லாத சோதனை முதலில், பர்ஸைத் திறக்க வைப்பது கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அழுக்கு டெர்மினலோடு எடுத்த வோல்ட் கணக்கும், பாதி சார்ஜில் இருக்கும் பேட்டரியில் செய்த சோதனையும் உங்களை வேறு திசைக்கு இழுத்துப் போய்விடும்.

கார் சொல்வதை முதலில் கேளுங்கள்

பானெட்டைத் திறப்பதற்கு முன், ஹெட்லைட்டைப் போட்டுச் சுவரில் வெளிச்சம் விழும்படி வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள்.

- வெளிச்சம் மெல்ல மங்கி, செல்ஃப் ‘உர்… உர்…’ என்று இழுத்தால்: பேட்டரியில் சார்ஜ் இல்லை.
- ‘கடகடகட’ என்று வேகமான சத்தம் மட்டும் வந்தால்: சார்ஜ் மிகக் குறைவு, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது.
- வெளிச்சம் சட்டென்று முழுவதும் அணைந்துபோனால்: டெர்மினல் அல்லது எர்த் ஒயரைச் சந்தேகப்படுங்கள்.
- வெளிச்சம் குறையவே இல்லை, செல்ஃபும் அடிக்கவில்லை என்றால்: பேட்டரிமேல் பழி போடாதீர்கள். செல்ஃப் மோட்டார், ரிலே, ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கிளட்ச் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இந்த அத்தியாயம் அதற்கானது அல்ல.

எப்போது இறங்குகிறது என்பதும் முக்கியம். ஒரே இரவில் இறங்கினால் பெரும்பாலும் கரண்ட் கசிவு. ஓடிக்கொண்டிருந்து, டீ குடிக்க நிறுத்திய இடத்தில் எடுக்கவில்லை என்றால் சார்ஜிங் கோளாறு. வாரக்கணக்கில் நின்ற பிறகுதான் எடுக்கவில்லை என்றால் வண்டியில் குற்றமே இல்லாமலும் இருக்கலாம்.

கை வைக்கும் முன்

பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது வெளியேறுவது ஹைட்ரஜன். ஒரு பொறி போதும்.

1. மோதிரம், வளையல், மெட்டல் ஸ்ட்ராப் வாட்ச், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனரும் மோதிரமும் சேர்ந்து பாசிட்டிவையும் பாடியையும் தொட்டால் மோதிரம் நொடியில் பழுக்கும், விரலோடு.
2. கண்ணுக்குக் கண்ணாடி. வெல்டிங் கடைக் கண்ணாடி வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி போதும்.
3. பீடி, சிகரெட், சூடம், ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆயுத பூஜை அன்று பானெட்டைத் திறந்து பேட்டரிக்கு மேல் கற்பூரம் காட்டும் வழக்கம் இருந்தால், சாமிக்கு எட்ட நின்றே காட்டுங்கள்.
4. கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்தால், பாசிட்டிவ் நட்டைத் திருப்பும் ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் வாணவேடிக்கைதான்.
5. தோலில் அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, நேராக டாக்டரிடம் போங்கள். கண்ணுக்குச் சோடா மாவு கரைசல் எல்லாம் போடக் கூடாது.

பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, அழுகின முட்டை நாற்றம் அடித்தாலோ எந்தச் சோதனையும் வேண்டாம். ஜம்பர் ஒயரும் போடாதீர்கள். மாற்ற வேண்டியதுதான்.

தேவையான சாமான்

10-ஆம் நம்பர் ஸ்பேனர் (சில வண்டிகளுக்கு 12 அல்லது 13), பழைய டூத் பிரஷ், உப்புக் காகிதம், ஆப்ப சோடா, வாசலின், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். மீட்டரில் 10 ஆம்பியர் டிசி அளக்கும் தனித் துளை இருக்க வேண்டும். சென்னையில் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். மற்ற ஊர்களில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கேளுங்கள். முதலை வாய் கிளிப் இரண்டும் சேர்த்து வாங்குங்கள், பின்னால் மிகவும் உதவும்.

கிளாம்ப் மீட்டர் வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. விலை குறைந்தவற்றில் பெரும்பாலானவை ஏசி கரண்டை மட்டும்தான் கிளாம்ப் வழியாக அளக்கும். வீட்டு ஃபேனுக்குச் சரி, காருக்கு உதவாது.

படி 1: டெர்மினலும் எர்த்தும்

பாதிப் பேர் இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டியிருக்காது. ஆனாலும் எல்லோரும் தாண்டிக் குதிக்க நினைப்பது இதைத்தான்.

1. நெகட்டிவ் கிளாம்பை விரல்களால் பிடித்துத் திருகிப் பாருங்கள். அசைந்தால் அதுவே குற்றவாளியாக இருக்கலாம். பாசிட்டிவையும் அப்படியே.
2. டெர்மினலைச் சுற்றி வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்துக்கொள்ளுங்கள். கிளாம்ப்களைக் கழற்றிய பிறகு (நெகட்டிவ் முதலில்) பிரஷால் தேயுங்கள். நுரைத்து வரும், நுரை அடங்கும் வரை தேய்த்து, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். கரைசல் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் இறங்கக் கூடாது. உள்ளே போனால் அமிலத்தைக் கெடுத்துவிடும்.
3. ஈய முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புக் காகிதத்தால் லேசாகத் தேய்த்து மின்ன வையுங்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே கறுத்திருந்தால் பயனில்லை.
4. மாட்டி இறுக்குங்கள். கையால் திருப்பினால் அசையக் கூடாது. அதற்காக முழு பலத்தையும் போட்டால் ஈய முனை முறியும்.
5. இறுக்கிய பிறகுதான் வாசலின். முன்பே தடவாதீர்கள்.
6. நெகட்டிவ் ஒயர் பாடியிலும் இன்ஜினிலும் போய் மாட்டும் இடங்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அங்கே துருப்பிடித்த போல்ட் இருந்தால் அதையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கடலோர ஊர்களில் இந்த எர்த் போல்ட்தான் முதலில் துருவேறும்.

சுத்தம் செய்தது போதுமா என்று மீட்டரே சொல்லும். 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, ஒரு முள்ளைப் பேட்டரியின் ஈய முனையிலும், இன்னொன்றை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வையுங்கள். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இரண்டுக்கும் நடுவில் இன்னும் அழுக்கு இருக்கிறது. அடுத்து ஒரு முள் நெகட்டிவ் முனையில், இன்னொன்று இன்ஜினின் வெற்று உலோகத்தில். செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயரை மாற்றுங்கள். அந்த ஒயரின் விலை புதுப் பேட்டரியில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

படி 2: ஓய்வு வோல்ட்டேஜ்

இப்போதுதான் ஓட்டி நிறுத்தினீர்கள் என்றால் மீட்டர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். மேலோட்டமாக ஏறிய சார்ஜ் கூடுதலாகக் காட்டும். ராத்திரி நிறுத்திக் காலையில் கதவைத் திறக்காமல் அளப்பதுதான் சரி. பொறுமை இல்லாவிட்டால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து அளந்து பாருங்கள்.

- 12.6 அல்லது அதற்கு மேல்: முழு சார்ஜ்
- 12.4: முக்கால்
- 12.2: பாதி
- 12.0: கால்
- 11.8-க்குக் கீழ்: காலி

இந்தப் பட்டியல் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். பேட்டரி நல்லதா கெட்டதா என்று சொல்லாது. 12.0 காட்டும் பேட்டரியைக் கெட்டது என்று தூக்கிப் போடுவது இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. முதலில் சார்ஜரில் போட்டு ஏற்றுங்கள், பிறகு தீர்ப்பு.

சார்ஜ் ஏற்ற ஒரு எளிய கணக்கு: பேட்டரியின் ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு. பல சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி, அதற்கு 3.5 ஆம்பியர் வேகம் போதும். ராத்திரி முழுக்க ஆகும். கடையில் ‘ஃபாஸ்ட் சார்ஜ், அரை மணி நேரத்தில் ரெடி’ என்றால் மறுத்துவிடுங்கள். பேட்டரி சூடேறிப் பிளேட் வளையும். டைனமோவை நம்பிக் காலியான பேட்டரியோடு நெடுஞ்சாலையில் ஏறுவதும் நல்லதல்ல. டைனமோ இருப்பது சார்ஜைத் தக்கவைக்க. செத்த பேட்டரியை முழுதாக ஏற்றச் சொன்னால் அதுவும் சூடேறித் தேயும்.

மூடி திறக்கும் வகைப் பேட்டரியானால் ஆறு அறைகளிலும் தண்ணீர் மட்டம் பாருங்கள். பிளேட் தெரிந்தால், பிளேட் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, சார்ஜ் ஏறிய பிறகு மேல் கோடு வரை நிரப்புங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது, ஆர்ஓ தண்ணீரும் கூடாது. ‘ஆசிட் கொஞ்சம் விட்டால் பேட்டரிக்குத் தெம்பு வரும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குறைவது தண்ணீர்தான், அமிலம் அல்ல.

பேட்டரியின் மேலே பச்சையாகத் தெரியும் வட்டக் கண்ணைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அது ஆறு அறைகளில் ஒன்றின் நிலையை மட்டும்தான் காட்டுகிறது. மற்ற ஐந்தில் ஒன்று போயிருந்தாலும் கண் பச்சையாகவே சிரிக்கும்.

படி 3: செல்ஃப் அடிக்கும்போது

முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்த பிறகு:

1. மீட்டரைப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வையுங்கள்.
2. இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். வோல்ட் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பாருங்கள்.
3. 10 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் பேட்டரி பரவாயில்லை. 9.6-க்குக் கீழ் போனால் பேட்டரி முடிந்தது.

ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டும் 10.5 வோல்ட்டை ஒட்டியே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது. ஒரு அறைக்குச் சுமார் 2.1 வோல்ட்; ஆறில் ஒன்று போனால் மிஞ்சுவது அவ்வளவுதான். அந்தப் பேட்டரியை எந்த மந்திரத்தாலும் மீட்க முடியாது. இந்த இடத்தில் மட்டும் கடைக்காரர் சொன்னது சரி.

நம் ஊரில் பேட்டரியின் ஆயுளைத் தின்பது வெயில். அக்னி நட்சத்திரத்தில் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டில் தண்ணீர் ஆவியாகிறது, உள்ளே இருக்கும் ஈயச் சட்டம் அரிக்கிறது. மூன்றிலிருந்து ஐந்து வருடம் என்பது பொதுவான கணக்கு. மதியம் முழுக்க வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு மூன்றை ஒட்டித்தான் எதிர்பார்க்க வேண்டும். ஆனால் மே மாதம் அடிபட்ட பேட்டரி அப்போதே சாவதில்லை. மழைக்காலத்தில் வைப்பர், ஹெட்லைட், ஏசி எல்லாம் ஒன்றாக ஓடும்போதுதான் படுத்துக்கொள்கிறது. ‘மழையில் நனைந்து போச்சு’ என்று நாம் மழையைத் திட்டுகிறோம்.

படி 4: டைனமோ சார்ஜ் ஏற்றுகிறதா?

1. இன்ஜினை ஓடவிடுங்கள். விளக்கு, ஏசி எதுவும் வேண்டாம். பேட்டரி முனைகளில் 13.8-லிருந்து 14.7 வோல்ட் வரை காட்ட வேண்டும்.
2. ஹெட்லைட், ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் போட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துப் பிடியுங்கள். 13.2-க்குக் கீழே வரக் கூடாது.
3. இன்னும் கொஞ்சம் மிதியுங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. அதிக சார்ஜில் பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும்.

புதிய மாடல்கள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த, வண்டியின் கம்ப்யூட்டரான இசியுவே டைனமோவைக் குறைத்து ஓட்டும். அவற்றில் 12.8 காட்டினாலும் கோளாறு என்று முடிவுகட்டாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சில நிமிடம் பார்த்தால் எண் ஏறும். ஏறவே இல்லை என்றால்தான் சந்தேகம்.

சார்ஜ் குறைவாக இருந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்திருக்கிறதா, வெடிப்பு விட்டிருக்கிறதா, ஸ்டார்ட் செய்ததும் ‘கீச்’ என்று கத்துகிறதா? இன்ஜின் அணைந்திருக்கும்போது மட்டுமே கை வையுங்கள். பெல்ட் நன்றாக இருந்தும் சார்ஜ் இல்லை என்றால் உள்ளே கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு இவற்றில் ஒன்று. டைனமோவைப் பிரித்து வேலை பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். முழு டைனமோவையும் மாற்றச் சொன்னால், பிரஷை மட்டும் மாற்ற முடியாதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

இதைச் செய்யவே கூடாது: இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, ‘வண்டி அணையலைன்னா டைனமோ நல்லாயிருக்கு’ என்று சொல்லும் பழைய வித்தை. அம்பாசிடர் காலத்தில் அது செல்லுபடியானது. இன்றைய காரில் அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் இசியுவையே எரித்துவிடும். மெக்கானிக் கை வைக்கப் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

படி 5: நிற்கும்போது கரண்ட் குடிப்பது யார்?

பேட்டரி நல்லது, டைனமோ நல்லது, டெர்மினல் சுத்தம்; ஆனாலும் காலையில் இறங்கிவிடுகிறது. இங்கேதான் பெரும்பாலான மெக்கானிக்குகள் கையை விரிப்பார்கள். காரணம் எளிது: இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார வேண்டும்.

பூட்டிய காரும் கொஞ்சம் கரண்ட் எடுக்கத்தான் செய்யும். கடிகாரம், அலாரம், ரிமோட் சிக்னலுக்குக் காத்திருக்கும் பகுதி எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நியாயம். 30 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 0.72 ஆம்பியர்-அவர், மாதம் முழுக்க நின்றால் 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதிக்கு மேல் போய்விடும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தவர் வண்டி எடுக்கவில்லை என்று புலம்புவதற்கு இதுதான் காரணம், கோளாறு அல்ல. ஆனால் டிக்கியில் அணையாமல் எரியும் ஒரு 5 வாட் பல்பு 400 மில்லி ஆம்பியர் எடுக்கும். நாளுக்குப் பத்து ஆம்பியர்-அவர். இரண்டு மூன்று நாளில் கதை முடிந்தது.

மீட்டரை எடுக்கும் முன் கண்ணால் பாருங்கள். பேட்டரியின் சிவப்பு டெர்மினலில் கம்பெனி கொடுத்த தடித்த ஒயர்களோடு மெல்லிய ஒயர் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? வெளியில் போட்ட ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், டேஷ் கேம், ஜிபிஎஸ் டிராக்கர், ஃபாக் லேம்ப், கூடுதல் ஹாரன்: அவசரத்தில் சாவி லைனைத் தேடாமல் நேராகப் பேட்டரியில் கொடுத்துவிட்டுப் போவது கடைகளில் சகஜம். மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் ஏதாவது செருகியிருந்தால் அதையும் பிடுங்குங்கள். இருட்டில் காரைப் பூட்டிவிட்டு கிளவ் பாக்ஸ், டிக்கி இடுக்குகளில் வெளிச்சம் கசிகிறதா என்றும் பாருங்கள். மொபைலை வீடியோவில் வைத்து டிக்கிக்குள் விட்டு மூடினால் உள்ளே பல்பு அணைகிறதா என்று அதுவே படம் பிடித்துக் கொடுக்கும்.

எதுவும் சிக்கவில்லையா? மீட்டரை எடுங்கள்.

1. பேட்டரியை முழு சார்ஜ் செய்துகொள்ளுங்கள். டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கி வையுங்கள். சென்ட்ரல் லாக் உங்களை வெளியே விட்டுப் பூட்டிக்கொள்ளலாம்.
2. பானெட்டைத் திறந்து வையுங்கள். உள்ளே ஃபியூஸ் பெட்டியைத் தொட வேண்டியிருந்தால் கதவைத் திறந்துவைத்து, கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கதவு மூடியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். பிறகு கதவைச் சாத்தும் முன் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவிக்க மறக்காதீர்கள். மறந்து அறைந்தால் பூட்டு உடையும்.
3. ரிமோட்டால் பூட்டுங்கள். ஸ்மார்ட் கீயானால் அதை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். பக்கத்திலேயே இருந்தால் கார் தூங்காது.
4. மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, டயலையும் 10 ஆம்பியர் டிசிக்குத் திருப்புங்கள்.
5. நெகட்டிவ் கிளாம்பைத் தளர்த்துங்கள், எடுத்துவிடாதீர்கள். முதலை கிளிப் கொண்டு மீட்டரின் சிவப்பைக் கிளாம்பிலும், கறுப்பைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் கவ்வவிட்டு, அதன் பிறகு கிளாம்பை மெல்லத் தூக்குங்கள். இடையில் தொடர்பு அறுந்தால் கார் மறுபடி விழித்துக்கொள்ளும். முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.
6. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு ஆம்பியர் காட்டினால் பதற வேண்டாம். அரை மணி நேரம் விடுங்கள். சில வண்டிகள் அடங்க ஒரு மணி நேரம்கூட ஆகும்.
7. அடங்கிய பிறகு 0.05-க்குக் கீழ் என்றால் கசிவு இல்லை. 0.2, 0.5 என்று நின்றால் பிடித்துவிட்டீர்கள்.

மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது யாரும் சாவியைப் போடக் கூடாது, செல்ஃப் அடிக்கவே கூடாது. 10 ஆம்பியர் தாங்கும் மீட்டரில் நூறு ஆம்பியருக்கு மேல் பாய்ந்தால் உள்ளே ஃபியூஸ் போகும். மலிவான மீட்டரில் ஃபியூஸே இருக்காது, மீட்டரே போகும். சோதனை முடிந்ததும் சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள். அதை மறந்து அடுத்த நாள் வோல்ட் பார்க்கப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைப்பதும் நேரடி ஷார்ட் சர்க்யூட் வைப்பதும் ஒன்றுதான்.

எந்த லைன் என்று கண்டுபிடிக்க

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதை எடுத்ததும் எண் விழுகிறது என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. அதில் ஒரு தொல்லை: திரும்பச் செருகும்போது அந்த லைனில் உள்ள பகுதி விழித்துக்கொண்டு எண் மறுபடி எகிறும். அதனால் பிடுங்காமலே பார்க்கும் முறையை நான் சிபாரிசு செய்வேன். கிளாம்பைப் பழையபடி மாட்டிவிடுங்கள். சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றி, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, கார் அடங்கிய பிறகு ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் முள்ளை வையுங்கள். 0.0 என்றால் அதில் கரண்ட் ஓடவில்லை. எண் ஏதாவது காட்டினால் ஓடுகிறது. கடிகாரம், அலாரம் லைன்களில் மிகச் சிறிய எண் வருவது இயல்பு. அதிகமாகக் காட்டும் ஃபியூஸைத் தேடுங்கள். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எது எந்த லைன் என்று படம் இருக்கும். அந்த லைனில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கனெக்டரில் கழற்றிப் பாருங்கள்.

எந்த ஃபியூஸும் சிக்கவில்லை என்றால் மூன்று இடம் பாக்கி. பேட்டரியிலிருந்து நேராகப் போகும் வெளி ஒயர். ஒட்டிக்கொண்ட ரிலே (ரிலேயைத் தொட்டுப் பாருங்கள், நிற்கும் காரில் வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான்). கெட்டுப்போன டைனமோ டயோடு. டயோடு போனால் பகலில் ஓரளவு சார்ஜ் ஏற்றிக்கொண்டே ராத்திரியில் பேட்டரியைக் காலி செய்யும். இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் அளந்து பாருங்கள், 0.5-க்கு மேல் காட்டினால் டயோடு கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

எலியை மறக்காதீர்கள். மழைக்காலத்தில் சூடான இன்ஜின் அதற்கு நல்ல குடியிருப்பு. கடித்து உரித்த ஒயர் பாடியில் பட்டும் படாமலும் இருந்தால் கசிவு ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. டார்ச் அடித்து ஒயர் கட்டுகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்; புழுக்கை கிடந்தால் அந்த இடத்தில் டேப்பைப் பிரித்தே பார்க்க வேண்டும்.

இன்று காலை ஆபீஸ் போயே ஆக வேண்டும் என்றால்

1. இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டையும் அணைத்துவிடுங்கள்.
2. சிவப்பு ஒயர்: முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவ், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவ்.
3. கறுப்பு ஒயர்: முதலில் நல்ல பேட்டரியின் நெகட்டிவ். மறுமுனையை இறங்கிய காரின் இன்ஜினில், பேட்டரியை விட்டுத் தள்ளியிருக்கும் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். கடைசியாக மாட்டும்போதுதான் பொறி பறக்கும். அது பேட்டரியின் மூச்சுத் துளைக்குப் பக்கத்தில் பறக்கக் கூடாது.
4. நல்ல காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு உங்கள் காரை எடுங்கள்.
5. கழற்றுவது தலைகீழ் வரிசையில்.

தள்ளி ஸ்டார்ட் செய்வதை மறந்துவிடலாம். ஆட்டோமேட்டிக்கில் முடியாது. மேனுவலானாலும் பேட்டரி முழுக் காலியாக இருந்தால் எரிபொருள் பம்பும் இசியுவும் வேலை செய்யாது. தெருவில் நாலு பேருக்கு வியர்த்ததுதான் மிச்சம்.

குறை வண்டியில் இல்லை என்றால்

ஐந்து படியும் தேறிவிட்டது, ஆனாலும் இறங்குகிறது. அப்படியானால் ஓட்டும் விதத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர், அதுவும் ஏசியோடு சிக்னலில் நின்று நின்று போனால் பேட்டரிக்கு எதுவும் ஏறாது. தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் நிற்க வைத்து அணைப்பவர்களும் இருக்கிறார்கள். சும்மா நிற்கும் இன்ஜினில் டைனமோ கொடுப்பது குறைவு, அதனால் பெரிய பலன் இல்லை. வாரம் ஒருமுறை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நல்ல வேகத்தில் ஓட்டுவது மேல். மாதக்கணக்கில் வெளிநாடு போகிறவர்கள் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றிவிட்டுப் போகலாம். கடிகாரமும் ஜன்னலின் ஆட்டோ ஏற்றமும் திரும்ப செட் செய்ய வேண்டியிருக்கும், வேறொன்றுமில்லை. நான்கு கதவையும் திறந்துவைத்து, பாட்டையும் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் கார் கழுவும் பழக்கம் இருந்தால், அதற்கும் ஒரு கணக்கு உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

- பழைய பேட்டரியின் மேலுள்ள எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். 38பி20எல் என்றால் அதில் 20 என்பது சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து டெர்மினல் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. எல்லுக்குப் பதில் ஆர் வாங்கி வந்தால் ஒயர் எட்டாது. இழுத்து மாட்டாதீர்கள்.
- சிக்னலில் தானே அணைந்து எடுக்கும் காரானால் அதற்கென்று உள்ள இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் வேண்டும். சாதாரணப் பேட்டரி அந்த வேலையைத் தாங்காது.
- தயாரித்த மாதம் பாருங்கள். கடையில் ஆறு மாதத்துக்கு மேல் கிடந்ததை வாங்காதீர்கள்.
- வாரன்டியில் இலவசமாக மாற்றித் தரும் மாதங்கள் எத்தனை, அதற்குப் பிறகு கழிவு மட்டும் தரும் மாதங்கள் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். ‘48 மாதம்’ என்று பெட்டியில் போட்டிருப்பது இரண்டையும் சேர்த்துத்தான் பெரும்பாலும்.
- மாட்டியதும் பேட்டரியைப் பிடிக்கும் கிளாம்ப் இறுகியிருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். ஆடும் பேட்டரியின் பிளேட் நம் சாலைகளில் சீக்கிரம் உதிரும்.
- அன்றைக்கே படி 4-ஐயும் 5-ஐயும் ஒருமுறை செய்து, தேதியோடு எண்களைப் பேட்டரி மேலேயே ஒரு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பழையதை மாடிப்படிக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஈயத்துக்கு விலை உண்டு, கடைக்காரரே எக்ஸ்சேஞ்சில் கழித்துக்கொள்வார். 2022-இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. எடைக்கு வாங்கும் ஆளிடம் போட்டால் அமிலம் சாக்கடையில் போகும், ஈயம் யார் வீட்டுப் பின்புறத்திலாவது உருகும். எடுத்துப் போகும்போது சாய்க்காமல், டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் நிற்க வைத்து, இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டிக் கொண்டுபோங்கள்.